குதிரையைக் கவ்வாத கிளிப்

ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் “வயலின் தகரம் போல் கீச்சிட்டது”, “மிருதங்கம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டினாற்போல் இருந்தது” என்று ரசிகர்கள் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கிவிடுவார்கள். பலருக்கு இப்போது ஒரு புதுக் குற்றவாளி அகப்பட்டிருக்கிறது: வாத்தியத்தின் மேலேயே மாட்டியிருக்கும் குட்டி மைக். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய ஸ்டாண்டு மைக்கையே வையுங்கள் என்கிறார்கள். சென்னைச் சபாக்களில் மைக் செட் வேலை பார்க்கும் நாங்கள் கிளிப் மைக்குக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. சில வாத்தியங்களுக்கு அது கூடவே கூடாது. ஆனால் ஆள் நிறைந்த அரங்கில், ஸ்பீக்கர் வைத்தே தீரவேண்டும் என்றால், வயலினுக்கும் வீணைக்கும் அதுதான் நல்ல வழி. மாட்டுகிற இடம் இரண்டு விரற்கடை தப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் தகரமாகத்தான் கேட்கும். சபாச் செயலாளர்களும் வித்வான்களும் கவனிக்கவேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் தந்தால் நன்றி.

முதலில் பெயர்க் குழப்பம். ‘கிளிப் மைக்’ என்று கடைகளில் ஒரே பெயரில் விற்பது இரண்டு வேறு சாமான்கள். ஒன்று, பட்டிமன்றப் பேச்சாளர் சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக். மற்றொன்று, வளையும் கழுத்தும் வாத்தியத்தைக் கவ்வும் பிடியும் உள்ள கூஸ்நெக் மைக். டென்மார்க்கின் டிபிஏ 4099, ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா ஏடிஎம்350 எல்லாம் இந்த வகை. இரண்டிலும் உள்ளே இருப்பது எலெக்ட்ரெட் கண்டென்சர்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1962-ல் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய அந்த உத்தியால்தான் மைக் இவ்வளவு சிறுத்தது, மலிந்தது. வேறுபாடு எந்தத் திசையில் காது கொடுக்கிறது என்பதில். காலர் மைக் பெரும்பாலும் நாலாபக்கமும் ஒரே மாதிரி கேட்கும். பேச்சாளர் தலையைத் திருப்பினாலும் குரல் குறையாது. அதையே வயலினில் செருகினால் பக்கத்து மிருதங்கத்தையும், கலைஞர் தன் வாசிப்பைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டியையும் அதே அக்கறையோடு கேட்டு, ஸ்பீக்கர் சத்தமே திரும்ப மைக்கில் புகுந்து ஊளையிடும். ஏடிஎம்350 கார்டியாய்டு வகை, அதாவது நேர் பின்னால் செவிடு. 4099 சூப்பர்கார்டியாய்டு, அதன் செவிட்டுத் திசை நேர் பின்னால் இல்லை, மைக்கின் முகத்திலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சுமார் 126 பாகையில். மானிட்டர் வைக்கும்போது இந்த எண் வேண்டியிருக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செல்போன் காலர் மைக்கை வாங்கிவந்து, ஒரு மாற்றி போட்டு மிக்சரில் செருகிவிட்டுச் சத்தமே வரவில்லை என்பார்கள். வராது. அதற்கு வேண்டியது சில வோல்ட். மிக்சர் கொடுப்பது 48 வோல்ட் ஃபேன்டம், அதாவது மைக் ஒயர் வழியாகவே அனுப்பும் மின்சாரம். 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது செல்போனுக்கானது, மைக் சிக்னல் பின்னின் அடியில் இருக்கும். இரண்டு வளையம் என்றால் பெரும்பாலும் கேமராவுக்கானது, சிக்னல் நுனியில். வெறும் கம்பியை இணைத்துத் தரும் மாற்றி இரண்டுக்கும் உதவாது. 48 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கவேண்டும்.

வயலினுக்கு ஏன் கிளிப் என்பது கூட்டல் கழித்தலில் தெரிந்துவிடும். நம் மேடையில் பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். வயலின் மைக்கிலிருந்து மிருதங்கம் 180 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டு மைக் வில்லுக்கு வழிவிட்டு வயலினிலிருந்து 45 செ.மீ. விலகி நிற்கும். அதற்கு நான்கு மடங்கு தூரத்தில் மிருதங்கம். தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் குறையும் என்பது விதி. ஆகவே மிருதங்கக் கசிவில் கிடைக்கும் தள்ளுபடி 12 டெசிபல்தான். மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் தள்ளுபடி 25 டெசிபல். வயலினும் மைக்குக்கு 13 டெசிபல் கூடுதலாகக் கிடைப்பதால் கெயினை, அதாவது மிக்சர் மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, அந்த அளவுக்கு இறக்கிவிடலாம். ஊளையும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இது திறந்தவெளிக் கணக்கு. நாலு சுவரும் மொசைக் தரையுமாக எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் ஆதாயம் குறையும், ஆனாலும் விட்டுவிடக்கூடிய ஆதாயம் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. வயலின் நாதம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதில்லை. மேல்பலகை, பின்பலகை, மேல்பலகையில் ஆங்கில எஃப் எழுத்து வடிவில் உள்ள எஃப் ஓட்டைகள் எல்லாம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வெவ்வேறு விதமாக அதிர்ந்து, அரை மீட்டர் ஒரு மீட்டர் தள்ளி வந்த பிறகுதான் ஒன்றாகக் கலக்கின்றன. பத்து செ.மீ.யில் இருக்கும் மைக் ஓரிடத்துச் சேதியை மட்டும் கேட்கிறது. எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையில் கவ்வவே கூடாது. குதிரையின் தலையில் மாட்டும் மியூட் ரப்பர் சத்தத்தை அடக்குவது எப்படி? குதிரையின் எடையைக் கூட்டித்தான். சில கிராம் எடையுள்ள கிளிப்பும் அங்கே உட்கார்ந்தால் அதே வேலையைச் செய்யும்; மேல்நாதங்கள் மங்கி, வயலினுக்கு மூக்கடைத்தாற்போல் இருக்கும். கிளிப்புக்கு உரிய இடம் வயலின் உடலின் விளிம்பு, மேல்பலகையையும் பின்பலகையையும் இருபுறமும் பிடித்துக்கொள்கிற மாதிரி. அதற்கான பிடி இல்லை என்றால் குதிரைக்குப் பின்னால், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீசை ஒட்டிய தந்திப் பகுதி. ரப்பர் படுகை மரத்தின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடவேண்டும். ரப்பர் தேய்ந்து உலோகம் எட்டிப்பார்க்கும் கிளிப், ஒரு கச்சேரியிலேயே வார்னிஷில் தன் பல்லைப் பதித்துவிடும்.

மைக்கின் தலை எஃப் ஓட்டையை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. வயலின் கூட்டுக்குள் இருக்கும் காற்று 270 முதல் 290 ஹெர்ட்ஸ் வாக்கில் தானே முழங்கும். அந்த முழக்கம் வெளியே வரும் வாசல் எஃப் ஓட்டை. 1½ கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) சுருதி சேர்த்த வயலினில் இரண்டாம் தந்தியின் ஷட்ஜம் 277 ஹெர்ட்ஸ், சரியாக அதே இடம். மைக் ஓட்டையை முறைத்துக்கொண்டிருந்தால் அந்த ஷட்ஜம் மட்டும் பானைக்குள் பேசினாற்போல் வீங்கும், மேலே காந்தாரமோ ஒல்லியாக நிற்கும். வாசிப்பவர் மேல் தப்பே இல்லாமல் அவர் கை சமமாக இல்லை என்று விமர்சனம் வரும். தலை டெயில்பீசுக்கு மேலே, பலகையிலிருந்து 6 முதல் 10 செ.மீ. உயரத்தில் நின்று, குதிரையைத் தாண்டித் தந்திகளுக்குக் கீழுள்ள பலகையைச் சாய்வாகப் பார்க்கட்டும். வில் ஓடுவது குதிரைக்கு அந்தப் பக்கம் என்பதால் இங்கே இடிக்காது. ஆனாலும் நம்பிவிடாமல், வில்லை அடியிலிருந்து நுனிவரை நான்கு தந்தியிலும் மெல்ல இழுக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் தந்திக்கும் நாலாம் தந்திக்கும் வில்லின் சாய்வு மாறும். இடித்தால் அங்கேதான் இடிக்கும். ஒலி கரகரத்தால் தலையைக் குதிரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. விலக்குங்கள்; மந்தமாக இருந்தால் அதே அளவு நெருக்குங்கள். கீழ்நாதம் மேல்நாதங்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழைத் தொடுவது அதற்குப் பிறகு.

வெளிநாட்டுக் கையேடுகள் நின்றுகொண்டு, தாடைக்கடியில் வயலினை இடுக்கி வாசிப்பவருக்காக எழுதியவை. இங்கே சுருள்முனை வலது கணுக்காலில், அடிப்பக்கம் இடது தோளை ஒட்டி நெஞ்சில். கிளிப்பும் ஒயரும் இருப்பது அந்த அடிப்பக்கம். புடவை முந்தானை விழுவதும் அதே இடது தோளில். ஜரிகை ஒயரில் உரசினால் ஸ்பீக்கரில் சருகை மிதிக்கிற சத்தம் வரும்; ஆலாபனை மெலிந்து நிற்கும் இடத்தில் அது கடைசி வரிசைவரை போகும். அங்கவஸ்திரமும் விதிவிலக்கு இல்லை. முந்தானையைப் பின் குத்திக்கொண்டு, ஒயரைக் கிளிப்பருகே ஒரு சிறு வளையமாகச் சுற்றிச் செருகி, இடது இடுப்பு வழியாகப் பின்பக்கம் விட்டால் உரசாது. முன்பக்கம் விட்டால் சம்மணத்தை மாற்றி உட்காரும்போது தொடைக்கடியில் சிக்கும். அந்த ஒயர் நூல் மாதிரி மெல்லியது. அதன் மறுமுனையில், மிக்சர் ஒயரோடு இணைக்க இருக்கும் எக்ஸ்எல்ஆர் மாற்றியோ கனமானது. மாற்றி மேடை விளிம்பில் தொங்கினால் இரண்டாவது வாரத்தில் சால்டர் விட்டுப்போய், கச்சேரி நடுவே படபடவென்று வெடிக்கும். மாற்றி தரையில் கிடக்கவேண்டும். டேப்பை அதன் மேல் ஒட்டவேண்டும்.

அடுத்தது லோ கட், அதாவது குறித்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் மிக்சர் குமிழ். மேற்கத்திய வயலினின் ஆகக் கீழ்த் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதனால் 150, 180 வரைகூட வெட்டிவிடுகிற பழக்கம் அங்கே உண்டு. நம் வயலின் பாடகரின் கட்டைக்கு இறங்கும். ஒரு கட்டையில் பாடுபவருக்கு நாலாம் தந்தி 131 ஹெர்ட்ஸ், 1½ கட்டை என்றால் 139. அங்கே 180-ல் வெட்டினால் மந்தர ஸ்தாயியின் அடித்தளமே போய்விடும். பாடகர் கீழே இறங்க, வயலின் காலில்லாமல் தொடரும். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு நாலாம் தந்தி 196. அவருக்கு 150 வரை தாராளமாக வெட்டலாம். ஆண் குரலுக்கு 80 அல்லது 100-க்கு மேல் போகாதீர்கள். எத்தனை கட்டை என்று கேட்காமல் அந்தக் குமிழில் கைவைக்கிறவரை மிக்சர் பக்கம் விடக்கூடாது என்பது எங்கள் கட்சி. திசை பார்த்துக் கேட்கும் மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் கீழ்நாதம் தானாகவே பருக்கும்; அதற்கு 200 ஹெர்ட்ஸ் வாக்கில் 2, 3 டெசிபல் தணித்தால் போதும். கீச்சு இருந்தால் 2500-க்கும் 4000-க்கும் நடுவே தேடி 3 டெசிபல் குறைக்கலாம். எதையும் ஏற்றவேண்டாம்.

ரசிகர்கள் சொல்லும் ‘குழாய்க்குள் வாசித்த மாதிரி’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இன்னொன்று. கிளிப் மாட்டிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று வயலின் முன்னால் ஸ்டாண்டு மைக்கையும் திறந்து வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் தூர வித்தியாசம் 34 செ.மீ. என்றால் ஒலி ஒன்றில் மற்றதைவிட 1 மில்லிசெகண்டு பிந்திச் சேரும். மிக்சரில் இரண்டும் கூடும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்களில் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். சீப்பின் பல்போல் இடைவெளி விழுந்த அந்த நாதத்தை எந்த ஈக்யூவும் நிரப்பாது. ஒரு வாத்தியம், ஒரு மைக். ஸ்டாண்டு மைக் பதிவுக்கு வேண்டும் என்றால் அதை ஸ்பீக்கருக்குப் போகாமல் பதிவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

வீணைக்கு நெடுங்காலமாகப் பலகையில் ஒட்டும் பிக்கப்தான் வழக்கம். ஊளை வராது, உண்மை. ஆனால் அது கேட்பது மரத்தின் அதிர்வை. காற்றில் வரும் நாதத்தை அல்ல. நகத்தின் ‘டக்’கும், தந்தியை அழுத்தும் மெட்டுக் கம்பியில் தந்தி உரசும் சத்தமும் முன்னுக்கு வந்து, கமகத்தின் கார்வை பின்னுக்குப் போய்விடும். ஒட்டும் பசையால் பலகையின் மெருகு உரிவது தனிக் கதை. கூஸ்நெக் மைக்கின் தலையைக் குடத்தின் பலகைக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மீட்டும் விரலைப் பார்க்காமல் குதிரையைப் பார்க்கும்படி வைத்தால் நாதமும் வரும், நகச் சத்தமும் அடங்கும். பிடி எங்கே மாட்டுவது என்பதுதான் சிக்கல். பக்கத் தந்திகள் போகும் ஓரத்தில் மாட்டினால் தாளம் போடும் விரல் இடிக்கும். மெட்டுகள் உட்கார்ந்திருக்கும் மெழுகுப் படுகையில் கிளிப்போ டேப்போ படவே கூடாது. மேடை விளக்கின் சூட்டில் ஏற்கெனவே இளகியிருக்கும் மெழுகு, டேப்பைப் பிடுங்கும்போது கூடவே வந்துவிடும். மெட்டு ஒன்று அசைந்தாலும், மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டியவரைத்தான் தேடிப் போகவேண்டும். குடத்தைக் கவ்வும் அளவுக்கு அகலமான பிடி கிடைக்காவிட்டால், தரையில் நிற்கும் குட்டி ஸ்டாண்டில் அதே கூஸ்நெக்கை மாட்டி அதே இடத்துக்கு வளைத்துவிடுங்கள். வீணைக்காரர் வீணையை அவ்வளவாக நகர்த்துவதில்லை என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது.

மிருதங்கத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வாரில் கவ்வலாம் என்கிறவர், வித்வான் எப்படித் திரும்பினாலும் தூரம் மாறாது என்கிறார். மாறாதுதான். ஆனால் வாரில் மாட்டிய பிடி வழியாகக் கட்டையின் அதிர்வு நேரே மைக்குக்குள் இறங்கும். சுருதி சேர்க்கக் கல்லால் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் ஸ்பீக்கரில் கடப்பாரை விழுந்த மாதிரி கேட்கும். அந்த நேரத்தில் சானலை மூட ஓர் ஆள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கவேண்டும். ஸ்டாண்டு இருக்கட்டும் என்பதே எங்களில் பெரும்பான்மை. வலந்தலைக்கு, அதாவது வலப்பக்கத் தோலுக்கு, 12 முதல் 15 செ.மீ.; மைக்கின் தலை நடுவிலுள்ள கறுப்புச் சாதத்தைக் குறிபார்க்காமல், ஓரத்து மீட்டுத் தோலின் பக்கம் சாயட்டும். இடப்பக்கத் தொப்பிக்கு 10 செ.மீ. ஒரு பக்கம் அடித்தால் உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலையும் தள்ளுகிறது. ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும். எனவே எதிரெதிரே நிற்கும் இரண்டு மைக்கும் சேரும்போது தொப்பியின் கும்கி, அதாவது அதன் கனத்த கீழ்நாதம், இளைக்கலாம். மிக்சரில் ஏதாவது ஒரு சானலின் போலாரிட்டி பொத்தானை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் கும்கி பருமனாக இருக்கிறதோ அதுதான் சரி. மலிவு எலெக்ட்ரெட் மைக்கில் சாப்பு என்னும் உரத்த அடி கிழிந்து கேட்டால், கெயினை இறக்கினாலும் கிழிசல் போகாது, கிழிவது மைக்குக்குள்ளேயே என்பதால். மைக்கை மாற்றுங்கள், இல்லையேல் விலக்குங்கள்.

கடம், கஞ்சிரா, மோர்சிங் மூன்றுக்கும் கிளிப் வேண்டாம். கடத்தின் வாய் வயிற்றோடு சேர்வதும் விலகுவதும்தானே வாசிப்பு. அதன் விளிம்பில் இரும்புப் பிடியை மாட்டுவது வாத்தியத்துக்கும் ஆபத்து. புல்லாங்குழலில் முகத்துளைப் பக்கம் கிளிப் மாட்டினால் மூச்சுதான் முதலில் கேட்கும். சத்தம் முகத்துளையிலும், திறந்திருக்கும் முதல் விரல்துளையிலும் பிறக்கிறது. எட்டு விரல்துளையில் எது திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்குக் கலைஞர் நடுவில் குழலை மாற்றுவார். மூங்கிலை இறுக்கும் கிளிப், கீறல் இருந்தால் பிளவாக்கிவிடும். முகத்துளைக்கு மேலே 15 செ.மீ.யில், மூச்சுக்காற்றின் பாதைக்குப் பக்கவாட்டில், ஃபோம் போட்ட ஸ்டாண்டு மைக்கே மேல். நாதஸ்வரத்தின் அடிமுனையில் புனல்போல் விரிந்த அணசில் கிளிப் மாட்டுவதைச் சில கல்யாணங்களில் காணலாம். அணசிலிருந்து முழுதாக ஒலி வருவது துளைகளெல்லாம் மூடிய கீழ் ஸ்வரத்துக்குத்தான். மற்றதெல்லாம் துளைகள் வழியே போய்விடும். கீழே இறங்கும்போது அதிரும், மேலே ஏறும்போது காணாமல் போகும். உண்மையில் மண்டபத்துக்குள் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே தேவையில்லை. இதைச் சொன்னால் எங்கள் வாடகையில் கைவைத்துக்கொள்கிறோம், பரவாயில்லை.

மானிட்டர் விஷயம். வயலின் பலகை சபையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால், கிளிப் மைக்கின் முதுகு சபைப் பக்கம் இருக்கும். கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டர் பெட்டி கலைஞருக்கு நேர் முன்னால் இருப்பது நல்லது. சூப்பர்கார்டியாய்டு என்றால் நேர் முன்னால் வைக்கக்கூடாது. அதன் முதுகில் ஒரு சிறிய காது உண்டு. சுமார் 55 பாகை பக்கவாட்டில் நகர்த்துங்கள். மேடையில் திறந்திருக்கும் மைக்குகள் இருமடங்கானால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் சுருங்கும். பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கடம், தம்புரா என்று ஆறு மைக் திறந்திருக்கிற இடத்தில், வாசிக்காத நேரம் மூன்றை மூடினாலே அந்த 3 டெசிபல் திரும்பி வந்துவிடும். சுருதிப் பெட்டி பாடகரின் மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதற்கென்று தனி மைக் எதற்கு?

செல்போன் தம்புராவை ஏதோ ஒரு மாற்றி போட்டு எக்ஸ்எல்ஆரில் செருகுவோர் கவனிக்க: சிறிய மிக்சர்களில் ஃபேன்டத்துக்கு ஒரே பொத்தான். வயலின் கிளிப்புக்காக அதை அழுத்தினால் 48 வோல்ட் உங்கள் போன் பக்கமும் எட்டிப்பார்க்கும். போனுக்கும் மிக்சருக்கும் நடுவில், அந்த வோல்ட்டைத் தடுக்கும் டிஐ பெட்டி வையுங்கள்.

வயர்லெஸ் வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாத கலைஞருக்கு வயர்லெஸ் எதற்கு என்பது எங்களுக்குப் புரியவில்லை. மலிவாகக் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் காலி அரங்கில் சோதிக்கும்போது சுத்தமாக இருக்கும். வைஃபையும் புளூடூத்தும் உயிரோடிருக்கும் நூற்றுக்கணக்கான போன்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் விட்டுவிட்டுக் கேட்கும். பேட்டரி தீர்ந்துபோகும் நேரம் பெரும்பாலும் ராகம் தானம் பல்லவியாக இருக்கும்.

இத்தனைக்கும் வேண்டியது நேரம். 2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காக இடம்பிடித்த ஊர் இது. சீசனில் ஒரு கச்சேரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் மிஞ்சுவது பத்து நிமிடம். எங்களுக்கு இருபது கொடுங்கள். முதல் ஐந்தில், எல்லாச் சானலையும் மூடியபடி கிளிப்பை மாட்டி ஒயரை ஒட்டுவோம். பிறகு ஃபேன்டத்தைப் போட்டுப் பத்து வினாடி பொறுப்போம். போட்ட கையோடு சானலைத் திறந்தால் ‘டப்’ என்று ஸ்பீக்கர் திடுக்கிடும். அடுத்து ஒவ்வொருவராக வாசிக்கவேண்டும், அதுவும் தன் உரத்த இடத்தை. சுருதி சேர்க்கும்போது கெயின் வைத்துவிட்டுத் தனி ஆவர்த்தனத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து ஓடுவதுதான் இப்போது நடப்பது. டிஜிட்டல் மிக்சரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். கடைசி ஐந்தில் எல்லாவற்றையும் திறந்து, மாஸ்டரை மெல்ல ஏற்றி, எங்கே முதல் ஊளை முனகுகிறது என்று பார்த்து அங்கிருந்து 6 டெசிபல் இறக்கிவிடுவோம். அதற்கு மேல் சத்தம் வேண்டும் என்று முன்வரிசையிலிருந்து சைகை வந்தால் சபா எங்கள் பக்கம் நிற்கவேண்டும்.

கடைசியாகச் சென்னையின் புழுக்கம். எலெக்ட்ரெட் மைக்கின் சவ்வில் ஈரம் படிந்தால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் வரும். கச்சேரி முடிந்ததும் வியர்வைக் கையோடு கழற்றி அப்படியே உறைக்குள் போட்டு மூடுவதுதான் காரணம். உலர்ந்த துணியால் கழுத்தையும் பிடியையும் துடைத்து, ஏசி அறையில் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் போடுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறிவிட்டால் புதிது போடவேண்டும். ஃபோம் உறையைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசலாம். முழுதாகக் காயாமல் திரும்ப மாட்டாதீர்கள். பெட்டியை மூடும் முன் எண்ணிப் பாருங்கள்: மைக், பிடி, மாற்றி, ஃபோம். வயலினோடு வீட்டுக்குப் போய்விடுவது எப்போதும் பிடிதான்.

இப்படிக்கு,
கச்சேரி ஒலியமைப்பாளர்கள் சிலர்,
மயிலாப்பூர், சென்னை - 4